புறநானூற்றுத் தாயர்

புறநானூற்றிலே தாய்மை பற்றிப் பேசப் புகுவோர் பெரும்பாலும் மறக்குடி மகளிரையே எடுத்துக்காட்டுவர். முன்னாட் போரில் தமையனையும் நேற்றைப் போரிற் கணவனையும் இழந்தவள், இன்று போர்ப்பறை கேட்டதும் தன் ஒரே மகனுக்கு வெள்ளாடை உடுத்து, குடுமிக்கு எண்ணெய் நீவி, கையிலே வேலைக் கொடுத்து அனுப்புகின்றாள். ஒக்கூர் மாசாத்தியார் காட்டும் இத்தாயை (279) அறியாத மாணவர் அரியர். ஆனால் அதே தொகைநூலில், பாலற்ற மார்பிலே பசித்த குழந்தையை அணைத்திருக்கும் தாயரும் உளர். இவர்களைத் தாய்மை என்னும் தலைப்பின்கீழ்த் தேடுவார் சிலரே. காரணம் பாட்டன்று, அதற்கு இடப்பட்ட துறை. 159, 160, 164 ஆகிய மூன்று பாட்டுக்களும் பாடாண்டிணையிலே பரிசில் கடாநிலை என வகுக்கப்பட்டுள்ளன. பரிசில் வேண்டும் புலவனையும் கொடுக்கும் வள்ளலையும் நோக்கும் கண், இடையில் நிற்கும் பெண்ணைக் காணாது சென்றுவிடுகின்றது.

முதலில் மறக்குடித் தாயரை நோக்குவோம். காவற்பெண்டு என்னும் புலவர் தம் வயிற்றைப் புலி தங்கிச் சென்ற கற்குகைக்கு ஒப்பிட்டார் (86). பெருமிதம் ததும்பும் உவமைதான். எனினும் புலி போயிற்று, எஞ்சியிருப்பது குகையே. மகன் புறமுதுகிட்டான் என்று பிறர் கூறக் கேட்டுக் கொதித்தெழுந்த முதியவள் ஒருத்தியை நச்செள்ளையார் பாடினார் (278). வாளொடு களம் புகுந்து பிணங்களைப் புரட்டித் தேடி, வெட்டுண்டு சிதைந்து கிடந்த மகனைக் கண்டபோது, அவனைப் பெற்ற நாளிற் கொண்டதினும் மிகுந்த மகிழ்ச்சி கொண்டாள் அவள். பூங்கண் உத்திரையாரும் (277) இவ்வாறே பெற்ற நாளின் மகிழ்ச்சியை அளவுகோலாகக் கொள்கின்றார். இப்பாட்டுக்களின் துறை உவகைக் கலுழ்ச்சி. உவகையும் அழுகையும் ஒரே பெயருள் அடங்கியமை கருதத்தக்கது. துறை வகுத்தோர் அவ்வுவகையின் உள்ளே கண்ணீர் இருந்ததை மறைக்கவில்லை. பிற்காலத்து மேடைப் பேச்சாளரே மறைத்தனர்.

அதே அளவுகோலை வள்ளுவர் வேறிடத்தில் வைத்தார். மகனைச் சான்றோன் எனப் பிறர் சொல்லக் கேட்ட தாய் பெற்ற பொழுதினும் பெரிது மகிழ்வாள் என்பது 69ஆம் குறளின் கருத்து. பொன்முடியார் பாட்டிலும் (312) மகனைச் சான்றோன் ஆக்குவது தந்தையின் கடமை எனப்படுகின்றது; ஆயின் அங்கே அச்சொல் வீரனைக் குறிக்கும். குறளிலோ அது பண்பினால் நிறைந்தவனைச் சுட்டுகின்றது. தாயின் மகிழ்ச்சிக்கு மகன் இறக்க வேண்டியதில்லை என்னும் நிலை இம்மாற்றத்தாற் பிறந்தது. இது சிறிய மாற்றமன்று.

இனி வறுமைப் பாட்டுக்கள். பெருந்தலைச் சாத்தனார் காட்டும் இல்லத்தில் (164) அடுப்பு சமைத்தலையே மறந்துவிட்டது. அதன்மேற் காளான் பூத்திருக்கின்றது. தாயின் மார்பு வற்றித் தோலாய்ச் சுருங்கியுள்ளது. குழந்தை வாய் வைக்குந்தோறும் பாலின்றி அழுகின்றது. தாய் குழந்தையின் முகத்தைப் பார்க்கின்றாள். நீர் நிறைந்த அவள் கண்ணைக் கணவன் பார்க்கின்றான். அவன் குமணனைத் தேடிக் காட்டுக்குப் புறப்படுகின்றான். பார்வைக்குமேற் பார்வையாகச் செல்லும் இச்சங்கிலியில் ஒருவரும் ஒரு சொல்லும் பேசுவதில்லை.

ஔவையார் பாடிய மறக்குடித் தாய்க்கும் (295) மார்பு வற்றியிருந்தது, முதுமையினால். களத்திலே பகைவர் படையைப் பிளந்து வீழ்ந்த மகனைக் கண்டவுடன் அது மீண்டும் சுரந்தது. தமிழ்ப் பாட்டில் இதற்கு நிகரான காட்சி அரிது. ஆயினும், அங்கே பால் வந்தபோது குடிக்க மகன் இல்லை; சாத்தனார் பாட்டிலே மகன் இருக்கின்றான், பால் இல்லை. இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்போர்க்குத் தாய்மையின் சுமை எத்தன்மையது என்பது விளங்கும்.

பெருஞ்சித்திரனாரின் பாட்டு (160) இன்னும் நுட்பமானது. குடுமி முளைத்த சிறுவன் ஒருவன் பாலற்ற மார்பைச் சுவைத்துப் பார்க்கின்றான். பின் ஒவ்வொரு கலமாகத் திறந்து, உள்ளே ஒன்றுமில்லாமை கண்டு அழுகின்றான். தாய் முதலிற் புலி வருகின்றது என்று அச்சுறுத்துகின்றாள். அழுகை அடங்கவில்லை. நிலவைக் காட்டுகின்றாள். அதுவும் பயன்படவில்லை. ஈற்றில், உன் தந்தையை நினைத்துச் சினங்கொண்ட முகத்தைக் காட்டு என்கின்றாள். அச்சம், வியப்பு இரண்டும் தோற்ற பின் அவளிடம் எஞ்சியது இது ஒன்றே: பரிசில் தேடிச் சென்றவன் திரும்பி வருவான் என்னும் எதிர்பார்ப்பு. அதனையும் அவள் நம்பிக்கை என்று பெயரிட்டுச் சொல்லவில்லை, விளையாட்டாக்கிச் சொன்னாள். பிற்காலப் பிள்ளைத்தமிழில் நிலவைக் காட்டுதல் அம்புலி என்னும் ஏழாம் பருவமாயிற்று. ஆங்கு உண்டு களித்த குழந்தையோடு விளையாட வருமாறு நிலவு அழைக்கப்படுகின்றது. ஈண்டோ உணவுக்கு ஈடாகக் காட்டப்படுகின்றது.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. மறக்குடித் தாயரைப் பாடினோருள் மேற்கூறியோர் யாவரும் பெண்பாற் புலவர் என்பர். பசித்த தாயரைப் பாடிய இருவரும் ஆடவர். சுமையைக் கணவன் கண்டு பாடினான். பெருமிதத்தைப் பெண்கள் பாடினர். வறுமையுற்ற அப்பெண்களே பாடியிருப்பின் யாது கூறியிருப்பர்?

ஆனால் பெருஞ்சித்திரனார் தம் மனைவியைப் பசியோடு விட்டுவிடவில்லை. 159ஆம் பாட்டில் அவள் குப்பையில் முளைத்த கீரையின் இளந்தளிரைக் கொய்து, உப்பின்றி வேகவைத்து, மோரும் சோறும் இன்றி உண்கின்றாள்; குழந்தைகள் பலரும் அவள் மார்பைப் பற்றி இழுக்கின்றனர். 163ஆம் பாட்டிலோ குமணன் தந்த செல்வம் வீடு வந்து சேர்ந்துவிட்டது. புலவர் அவளை அழைத்து, உன்னை விரும்பியவர்க்கும், நீ விரும்பியவர்க்கும், சுற்றத்தார்க்கும், பசித்த நாளில் உனக்குக் கடன் தந்தவர்க்கும், இன்னார் என்று பாராமலும் என்னைக் கேளாமலும் கொடு என்கின்றார். சேர்த்துவைத்து நாம் நன்றாக வாழ்வோம் என்று எண்ணாதே என்றும் சொல்கின்றார்.