கீலுக்கு ஏன் 0, 8, 16?

போன மாதம் அம்மா வீட்டுச் சமையலறையில் மேல் அலமாரியை மாற்றினோம். ஒரே வரிசையில் நாலு கதவு. நடுவில் ஒரு தடுப்புப் பலகை, அதற்கு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. எட்டு கீல் வேண்டும் என்று ஆசாரி சொல்லியிருந்தார். கதவை மூடினால் வெளியே தெரியாதே, கடையில் ஆட்டோ ஹிஞ்ச் என்பார்களே, அந்தக் கீல்.

நாலு ராத்திரி இணையத்தில் மேய்ந்தேன். சத்தமில்லாமல் மூடுவது எது, எத்தனை ஆயிரம் முறை திறந்து மூடிச் சோதித்தது என்றெல்லாம் ஒப்பிட்டு, எட்டையும் ஒரே வகையாக வாங்கிப் போனேன். பெட்டியைப் பார்த்த ஆசாரி கேட்டது ஒரே கேள்விதான்.

“சார், எல்லாமே ஜீரோ கிராங்கா இருக்கே. நடுப் பலகைக்கு எட்டு கிராங்க் எங்க?”

எனக்குப் புரியவில்லை. அதைக் காட்டிக்கொள்ளாமல், “ஸ்க்ரூ வச்சு அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்லண்ணே?” என்றேன். இருபது வருஷம் மென்பொருள் துறையில் இருந்தால் வருகிற பழக்கம் இது. அவர் ஒன்றும் பேசாமல் நடு இரண்டு கதவுகளையும் மாட்டிக் காட்டினார். இரண்டும் முட்டிக்கொண்டு நின்றன. மூடவே இல்லை.

அன்று ராத்திரிதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அலமாரிப் பலகையின் தடிமன் 18 மி.மீ. ஓரப் பலகையில் ஒரு கதவுதான் உட்காருகிறது. அதனால் அந்தப் பலகையின் விளிம்பைக் கிட்டத்தட்ட முழுதாக, ஒரு 16 மி.மீ. வரை, கதவு மறைக்கலாம். நடுப் பலகையும் அதே 18தான், ஆனால் அதைப் பங்கு போட இரண்டு கதவு. நடுவே 2 மி.மீ. இடைவெளி விட்டால் மீதி 16, ஆளுக்கு 8. நான் வாங்கிய கீல் ஒவ்வொரு கதவையும் 16 மறைக்கச் சொல்கிறது. 16ம் 16ம் 32, இருப்பதோ 18. பக்கவாட்டு ஸ்க்ரூ தருவது ஏறக்குறைய 2 மி.மீ. நகர்வுதான். அட்ஜஸ்ட்மெண்ட் என்பது சிறு பிசகைச் சரிசெய்ய வைத்தது, தப்பான பொருள் வாங்கியதைச் சரிசெய்ய அல்ல.

கிராங்க் என்பது கீலின் கையில் இருக்கும் வளைவு. 0 என்றால் கை நேராக இருக்கும், கதவு பலகையை முழுக்க மறைக்கும். 8 என்றால் கை கொஞ்சம் வளைந்து கதவை உள்ளே இழுக்கும், பாதி மறையும். 16 என்றால் நன்றாக வளைந்திருக்கும், கதவு சட்டத்துக்கு உள்ளேயே உட்காரும், பலகை விளிம்பு முழுசாக வெளியே தெரியும். (நிறுவனத்துக்கு நிறுவனம் 8 என்பது 9 ஆகும், 16 என்பது 15 ஆகும். பயப்பட வேண்டாம்.) எண் கூடக்கூட மறைப்பு குறைகிறது என்பதுதான் என்னைப் போன்றவர்களைக் குழப்புவது.

நல்லவேளை, கதவுகளை ஆசாரி சரியான அளவில்தான் வெட்டியிருந்தார். துளையும் வீணாகவில்லை. மூன்று வகைக்கும் கதவில் போடும் கிண்ணத் துளை ஒன்றேதான், 35 மி.மீ. விட்டம். நாலு கீலை மட்டும் மாற்றினால் போதும். அந்தத் துளையை விளிம்பிலிருந்து 3 முதல் 6 மி.மீ. வரை தள்ளிப் போடலாம். ஒரு மி.மீ. உள்ளே தள்ளினால் மறைப்பு ஒரு மி.மீ. கூடும். உள்ளே உட்காரும் கதவென்றால் இன்னொன்று: அடித்தகட்டின் ஸ்க்ரூக்கள் வழக்கமாகப் பலகையின் முன் விளிம்பிலிருந்து 37 மி.மீ.யில் வரும். அதோடு கதவின் தடிமனையும் கூட்டிக்கொள்ள வேண்டும், அதாவது 18 மி.மீ. கதவுக்கு 55. இதை மறந்தால் கதவு வெளியே துருத்தும்.

எத்தனை கீல் என்பதற்குப் பொதுவான கணக்கு இருக்கிறது. கதவின் உயரம் 90 செ.மீ. வரை 2, 160 வரை 3, 200 வரை 4, அதற்கு மேல் 5. பீரோ கதவில் கண்ணாடி ஒட்டுபவர்கள் ஒன்று கூடுதலாகப் போடுங்கள். 4 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 10 கிலோ வரும், 18 மி.மீ. பிளைவுட்டின் எடைக்கு அது அதிகம் குறைவில்லை.

ஆனால் எடையைவிட அகலம்தான் எனக்கு ஆச்சரியம். மேல் கீலை வெளியே இழுக்கும் விசை = எடை × அகலத்தில் பாதி ÷ இரண்டு கீலுக்கும் நடுவே உள்ள தூரம். 17 கிலோ, 45 செ.மீ. அகலம், கீல்களுக்கு நடுவே 190 செ.மீ. உள்ள பீரோ கதவில் இது சுமார் 2 கிலோ. 5 கிலோ, 60 செ.மீ. அகலம், 40 செ.மீ. தூரம் உள்ள குட்டிக் கதவில் 3.75 கிலோ! ஆகவே மேல் அலமாரியில் அகலமான ஒற்றைக் கதவு வேண்டாம் என்பேன். அதற்குக் கீழேதான் அம்மா நின்று தாளிக்கிறார்.

துருவைப் பற்றிக் கொஞ்சம். சிங்க் அடியிலும் கடலோர வீடுகளிலும் நிக்கல் பூசிய கீல் சீக்கிரம் பல்லிளிக்கும். அங்கே மட்டும் 304 ஸ்டீல் வாங்கலாம். காந்தம் வைத்துச் சோதிப்பதை நம்பாதீர்கள், விலை குறைந்த 202ம் காந்தத்தில் ஒட்டாது.

மறுநாள் நாலு எட்டு கிராங்க் வாங்கிக் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் கதவுகள் மூடின. அம்மா திறந்து மூடிப் பார்த்துவிட்டு, “இதுக்காடா ராத்திரியெல்லாம் முழிச்சிருந்த?” என்றார். மீந்த நாலு ஜீரோ கிராங்கும் என் மேஜையில் இருக்கின்றன. செருப்பு அலமாரிக்கு ஆகும். அதன் இரண்டு கதவும் ஓரப் பலகையில்தான் உட்காருகின்றன. இந்த முறை அளந்துவிட்டேன்.