புதரில் ஒளிந்திருந்து பாய்ந்தார்! பாஸ்டன் மாரத்தானை ஓடி முடித்த முதல் பெண்!!

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துக்குப் பக்கத்தில் ஹாப்கிண்டன் என்று ஒரு சிற்றூர். 1966-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 19-ந் தேதி. உச்சி வேளை. ரோட்டோரப் புதருக்குள் 23 வயதுப் பெண் ஒருவர் பதுங்கி இருந்தார்.

முகம் தெரியாதபடி தலையை மூடும் நீல நிற மேல்சட்டை. இடுப்பில் சகோதரனின் அரைக்கால் சட்டை. கண்கள் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தன.

திருட வந்தவர் அல்ல. யாரையும் பழிவாங்க வந்தவரும் அல்ல. அவர் ஓட வந்திருந்தார்!

அவர் பெயர் ராபர்ட்டா கிப். "பாபி" என்று செல்லமாகக் கூப்பிடுவார்கள். அதுவரை எந்த மாரத்தான் பந்தயத்திலும் அவர் ஓடியதே இல்லை. அதுதான் முதல் தடவை!

ஆசை பிறந்தது

இது பற்றிய விவரம் வருமாறு:-

பாஸ்டன் மாரத்தான் 1897-ம் ஆண்டு தொடங்கிய பந்தயம். தூரம் 26 மைல் 385 கெஜம். அதாவது 42 கிலோ மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். சென்னை சென்ட்ரலில் மின்சார ரெயில் ஏறினால் திருவள்ளூர் வரை ஏறத்தாழ இவ்வளவு தூரம்தான். அதைக் கால் நடையாகக்கூட அல்ல, ஓடியே கடக்க வேண்டும்!

1964-ம் ஆண்டு தந்தையோடு இந்தப் பந்தயத்தை வேடிக்கை பார்க்கப் போனார் பாபி. பார்த்ததும் நாமும் ஓட வேண்டும் என்று ஆசை பிடித்துக்கொண்டது. சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. பெண்களுக்கு என்று ஓட்டக் காலணியும் கிடையாது. நர்சுகள் மாட்டுகிற வெள்ளைத் தோல் ஷூவைப் போட்டுக்கொண்டு காடு, மலை, கடற்கரை என்று தினமும் ஓடினார். இப்படியே 2 வருஷம் ஓடிற்று.

வந்தது கடிதம்

1966-ல் பந்தயத்தில் சேர விண்ணப்பம் கேட்டு எழுதினார். பதில் வந்தது. பெண்களின் உடம்பு இவ்வளவு தூரம் தாங்காது. ஒன்றரை மைலுக்கு மேல் அவர்கள் ஓட விதி இடம் தராது என்று அதில் கண்டிருந்தது.

அப்போது ஒலிம்பிக் போட்டியிலேயே பெண்களுக்கு அதிகபட்ச ஓட்டம் 800 மீட்டர்தான். பாபியோ பயிற்சியின்போதே 26 மைலுக்கு மேல் ஓடிப் பார்த்தவர். கடிதத்தைப் படித்ததும் கோபம் வந்தது. "இனி ஓடியே தீருவது" என்று முடிவு கட்டினார்.

அப்போது அவர் இருந்தது மேற்குக் கோடியில் சான் டியாகோ நகரில். பந்தயம் நடப்பது கிழக்குக் கோடியில். பஸ் ஏறினார். 3 இரவு, 4 பகல் பயணம்! பந்தயத்துக்கு முதல் நாள்தான் பெற்றோர் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

விஷயத்தைக் கேட்ட தந்தை, மகளுக்கு மூளை குழம்பிவிட்டது என்றே நினைத்தார். தாய் மனம் இளகினார். மகளைக் காரில் ஏற்றி ஹாப்கிண்டனில் கொண்டுபோய் விட்டார்.

"அட, பொண்ணு!"

துப்பாக்கி வெடித்தது. ஓட்டக்காரர்கள் திமுதிமுவென்று கிளம்பினார்கள். பாதிக் கூட்டம் போகட்டும் என்று பொறுத்திருந்த பாபி, புதரில் இருந்து குபீரென்று பாய்ந்து உள்ளே கலந்துவிட்டார்.

கொஞ்ச தூரத்தில் குட்டு உடைந்தது. ஓடுவது பெண் என்று பின்னால் வந்த ஆண்கள் கண்டுகொண்டார்கள். அவர்கள் பிடித்துக் கொடுத்தார்களா? அதுதான் இல்லை! யாராவது வெளியே தள்ளிவிடப் போகிறார்களே என்று பாபி பயந்தபோது, அப்படி நடக்க விடமாட்டோம், ரோடு எல்லாருக்கும் பொது என்று தைரியம் சொன்னார்கள்.

அந்தத் தைரியத்தில், புழுக்கம் தாங்காமல் கிடந்த மேல்சட்டையைக் கழற்றிப் போட்டார். இப்போது ஊரே பார்த்துவிட்டது. செய்தி ரேடியோவில் போயிற்று. வழியில் வெல்ஸ்லி பெண்கள் கல்லூரி. அங்கே மாணவிகள் போட்ட கூச்சலில் காது அடைத்தது. சிலர் அழுதே விட்டார்கள்.

புது ஷூ செய்த வேலை

ஆனால் முதல் தடவை ஓடுகிறவர் செய்கிற தப்பு எல்லாம் பாபியும் செய்திருந்தார்.

நர்ஸ் ஷூவை விட்டுவிட்டு, பழகாத புது ஓட்டக் காலணியை அன்றைக்குப் போட்டிருந்தார். தண்ணீர் குடித்தால் வயிற்றைப் பிடிக்கும் என்று நினைத்து வழியில் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. விளைவு? கடைசி மைல்களில் பாதம் முழுக்கக் கொப்புளம். நாக்கு வறண்டது. விறுவிறுவென்று வந்த கால்கள் தத்தித் தத்தி நடை போட்டன.

வேறு ஒருவராக இருந்தால் ஓரமாக உட்கார்ந்திருக்கலாம். கேட்பார் இல்லை. பாபியால் அது முடியாது. அவர் மயங்கி விழுந்தால், "பார்த்தீர்களா, பெண்ணால் முடியாது என்று அப்போதே சொன்னோமே!" என்று விதி போட்டவர்கள் கை தட்டுவார்கள். அப்புறம் எத்தனை வருஷம் கதவு சாத்திக் கிடக்குமோ? அந்த எண்ணம்தான் அவரை ஒவ்வொரு அடியாக இழுத்துக்கொண்டு போயிற்று.

எல்லைக் கோட்டைத் தொட்டபோது 3 மணி 21 நிமிடம் 40 விநாடி! ஓடிய ஆண்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் அவருக்குப் பின்னால்தான் வந்தார்கள். மாநில கவர்னர் ஜான் வோல்ப் வந்து கை குலுக்கினார்.

ஆனாலும் பந்தய நிர்வாகிகள் அசையவில்லை. பந்தயம் நடந்த நேரத்தில் அதே ரோட்டில் ஒரு பெண்ணும் ஓடினார், அவ்வளவுதான் என்பது அவர்கள் கட்சி. ஓடி முடித்தவர்களுக்கு வழக்கமாகக் கொடுக்கும் சாப்பாடும் அவருக்குக் கிடைக்கவில்லை. அது ஆண்களுக்கு மட்டுமாம்!

30 வருஷம் கழித்து

1967-லும், 1968-லும் பாபி நம்பர் இல்லாமலே மறுபடி ஓடினார். 1967-ல் கேத்ரின் சுவிட்சர் என்ற மாணவி, முதல் எழுத்துகளை மட்டும் போட்டு விண்ணப்பித்து 261 என்ற நம்பரை வாங்கிவிட்டார். அவர் ஓடும்போதே நிர்வாகி ஒருவர் பாய்ந்து அந்த நம்பரைப் பிய்க்கப் பார்த்தார். அந்தப் படம் உலகம் முழுவதும் பரவியது.

1972-ல்தான் கதவு திறந்தது. முறைப்படி ஓட வந்த பெண்கள் 8 பேர். 8 பேரும் ஓடி முடித்தார்கள்! 1984-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பெண்களுக்கும் மாரத்தான் வந்தது. அமெரிக்காவின் ஜோன் பெனாய்ட் தங்கம் வென்றார்.

பாபி 3 வருஷமும் பெண்களில் முதலாவதாக வந்தவர் என்பதை பாஸ்டன் மாரத்தான் நிர்வாகம் ஏற்றுக்கொண்டது 1996-ம் ஆண்டில்தான். முதல் ஓட்டம் முடிந்து அதற்குள் 30 வருஷம் ஆகிவிட்டது!

பாபி கிப் சிலை செதுக்குவதிலும் கை தேர்ந்தவர். ஓடும் பெண் ஒருத்தியின் வெண்கலச் சிலையை அவரே செய்தார். அந்தச் சிலை 2021-ல் ஹாப்கிண்டனில் வைக்கப்பட்டது.

அவர் புதரில் ஒளிந்திருந்த அதே ஊர்!