சின்ன ரேஞ்ச் ரோவர்

ரேஞ்ச் ரோவர் கார்களிலேயே மிகச் சிறியது ஈவோக். இன்று விற்பனையில் உள்ள அதன் இரண்டாம் தலைமுறை 4,371 மில்லிமீட்டர் நீளம் கொண்டது. அதே பெயர் தாங்கிய பெரிய ரேஞ்ச் ரோவரோ 5 மீட்டரைத் தாண்டிவிடும். ஆடி கியூ3, பிஎம்டபிள்யூ எக்ஸ்1, மெர்சிடிஸ் ஜிஎல்ஏ, வால்வோ எக்ஸ்சி40 ஆகியவை இடம்பெறும் காம்பாக்ட் சொகுசு எஸ்யூவி பிரிவில்தான் ஐரோப்பியர்கள் ஈவோக்கையும் சேர்க்கிறார்கள். இந்திய வரிக் கணக்கு வேறு. இங்கே 4 மீட்டருக்குள் அடங்கினால்தான் சிறிய கார். ஈவோக் பெரிய கார்களுக்கான வரியையே கட்டியாக வேண்டும்.

ஈவோக் வரும்வரை எஸ்யூவியில் சொகுசு என்றால் பருமன் என்றே பொருள். உயரம், எடை, பெரிய இன்ஜின் மூன்றும் சேர்ந்ததே அந்தஸ்து. 1970 ஜூனில் வந்த முதல் ரேஞ்ச் ரோவர் பண்ணை முதலாளிகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. 3.5 லிட்டர் வி8 இன்ஜின், சேறு படிந்தால் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடக்கூடிய வினைல் உட்புறம் என்று எளிமையாகத்தான் இருந்தது. பிறகு ஒவ்வொரு தலைமுறையிலும் தோல், மரம், மின்சார வசதிகள் ஏற ஏற, வண்டியின் எடை 2 டன்னைக் கடந்தது. 2000-களின் நடுவில் பெட்ரோல் விலை ஏறியது. கார்பன் புகைக்கு ஐரோப்பிய ஒன்றியம் உச்சவரம்பு கொண்டுவரத் தயாரானது. பெரும்பாலும் கனமான வண்டிகளையே விற்றுவந்த, ரேஞ்ச் ரோவரின் தயாரிப்பாளரான லேண்ட் ரோவருக்கு, லேசான ஒரு கார் கட்டாயத் தேவையானது.

அதற்கான விடை 2008 ஜனவரியில் அமெரிக்காவின் டெட்ராய்ட் கண்காட்சியில் எல்ஆர்எக்ஸ் என்ற மாதிரிக் காராக வந்து நின்றது. வடிவமைப்புத் தலைவர் ஜெரி மெக்கவர்ன். அதே ஆண்டு ஜூனில், ஜாகுவார், லேண்ட் ரோவர் இரண்டையும் ஃபோர்டிடமிருந்து 230 கோடி டாலருக்கு டாடா மோட்டார்ஸ் வாங்கியது. சில மாதங்களில் உலகப் பொருளாதாரமே சரிந்தது. கார் விற்பனை படுத்தது. கையைக் கடிக்கும் அந்த நேரத்திலும் எல்ஆர்எக்ஸ் கைவிடப்படவில்லை. பிரிட்டிஷ் அரசு 2.7 கோடி பவுண்டு வரை மானியம் தர முன்வந்தது. 2010 ஜூலையில், ரேஞ்ச் ரோவரின் நாற்பதாம் ஆண்டை ஒட்டி, லண்டன் கென்சிங்டன் அரண்மனையில் ஈவோக் என்ற பெயரில் கார் அறிமுகமானது. மறு ஆண்டு ஜூலையில் லிவர்பூலை அடுத்த ஹேல்வுட் தொழிற்சாலையில் உற்பத்தி தொடங்கியது.

கண்காட்சியில் பளபளக்கும் மாதிரிக் கார்கள் சாலைக்கு வரும்போது பெரும்பாலும் அடையாளம் தெரியாமல் போய்விடும். சக்கரம் சிறுக்கும், கண்ணாடி அகலும், கூரை உயரும். ஈவோக்கில் அது ஏறக்குறைய நடக்கவே இல்லை. பக்கவாட்டில் நின்று பார்த்தால் காரணம் விளங்கும். கூரை பின்னோக்கிச் சரிகிறது. ஜன்னல்களுக்குக் கீழே ஓடும் கோடு பின்னோக்கி ஏறுகிறது. இரண்டுக்கும் நடுவில் கண்ணாடிப் பகுதி ஆப்பு வடிவில் ஒடுங்கிக்கொண்டே போகிறது. கூரையைத் தாங்கும் தூண்கள் கறுப்பாக இருப்பதால், கூரை தனியாக மிதப்பதுபோல் தோன்றுகிறது. கூரைக்கு மட்டும் வேறு நிறம் கேட்டு வாங்கவும் முடிந்தது. சக்கரங்களோ காரின் நான்கு மூலைகளுக்குத் தள்ளப்பட்டவை, அளவிலும் பெரியவை. உடல் பகுதி அதிகம், கண்ணாடி குறைவு என்ற இந்த விகிதம்தான் 1.6 மீட்டர் உயரமுள்ள வண்டியைத் தாழ்வாகப் பதுங்கியிருப்பதாகக் காட்டுகிறது. 2012-ல் உலகின் சிறந்த கார் வடிவமைப்புக்கான விருது இதற்குக் கிடைத்ததில் வியப்பில்லை.

அழகுக்கு விலை உண்டு. பின் கண்ணாடி வெறும் கீற்று. ரிவர்ஸ் எடுக்கும்போது அதை நம்ப முடியாது. பின் இருக்கையில் அமர்பவருக்கு ஜன்னல் தோளுயரத்தில்தான் தொடங்கும். பெரிய கண்ணாடிக் கூரை பொருத்தினால் வெளிச்சக் குறை தீரும், இடக்குறை தீராது. தோற்றத்தை முதலில் முடிவு செய்து, மனிதர்களை அதற்குள் உட்கார வைத்த கார் இது என்று சொன்னால் மிகையாகாது.

முதல் தலைமுறையின் அடித்தளம் புதியதல்ல. அதே ஹேல்வுட்டில் தயாரான லேண்ட் ரோவர் ஃப்ரீலேண்டர் 2-இலிருந்து வந்தது. அந்த அடித்தளமோ ஃபோர்டின் கார்களுக்கான தளத்திலிருந்து பிறந்தது. இன்ஜின் குறுக்குவாட்டில் அமர்ந்திருக்கும். அதனால் முன்பகுதி நீளம் குறைகிறது. பலம் முதலில் முன் சக்கரங்களுக்குப் போகிறது; தேவைப்படும்போது ஒரு கப்ளிங் மூலம் பின் சக்கரங்களுக்குப் பகிரப்படுகிறது. முன் சக்கரங்கள் மட்டும் இயங்கும் டீசல் மாடல் ஒன்றும் வந்தது. ரேஞ்ச் ரோவர் வரலாற்றில் அதுவே முதல் முறை. பழைய லேண்ட் ரோவர் அபிமானிகள் முகம் சுளித்தார்கள். மலையேற்றத்துக்கு உதவும் தாழ் கியர் வரிசை இல்லாத வண்டிக்கு இந்தப் பெயர் தகுமா என்பது அவர்கள் கேள்வி.

கேள்வி நியாயமானதுதான், ஆனால் முழு உண்மை அல்ல. நான்கு சக்கர இயக்கம் கொண்ட ஈவோக்கின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 200 மில்லிமீட்டருக்கு மேல். புல், சரளை, பனி, சேறு, மணல் என்று தரைக்கேற்ப இன்ஜினையும் பிரேக்கையும் மாற்றியமைக்கும் டெரெய்ன் ரெஸ்பான்ஸ் உண்டு. செங்குத்தான இறக்கத்தில் பிரேக்கைத் தானே விட்டுவிட்டுப் பிடித்து மெல்ல இறக்கும் வசதியும் உண்டு. அரை மீட்டர் ஆழத் தண்ணீரில் இறங்கலாம். இரண்டாம் தலைமுறையில் அந்த ஆழம் 600 மில்லிமீட்டர் ஆனது. மழைக்காலச் சுரங்கப்பாதைகளில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இந்த எண்ணின் அருமை தெரியும். தாழ் கியர் இல்லாத குறையை 2013-ல் அறிவிக்கப்பட்ட ஒன்பது கியர் ஆட்டோமேட்டிக் ஓரளவு ஈடுகட்டியது. ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனத் தயாரிப்பான அதன் முதல் கியர், வண்டியை ஊர்ந்து செல்ல வைக்குமளவு தாழ்வானது. மேல் கியர்கள் நெடுஞ்சாலையில் இன்ஜின் வேகத்தைத் தணித்து எரிபொருளை மிச்சப்படுத்தின.

வெற்றி தந்த துணிச்சலில் 2016-ல் துணிக்கூரை கொண்ட கன்வெர்ட்டிபிள் ஈவோக்கும் விற்பனைக்கு வந்தது. கூரை 18 வினாடியில் திறக்கும். யாருக்காக என்பதுதான் விளங்கவில்லை. அது அந்தத் தலைமுறையோடே முடிந்துபோனது.

ஈவோக்கின் முகம் எவ்வளவு மதிப்புள்ளது என்பதைச் சீனா காட்டியது. ஜியாங்லிங் நிறுவனம் லேண்ட்விண்ட் எக்ஸ்7 என்ற பெயரில், ஏறக்குறைய அச்சு அசலான ஒரு காரை மிகக் குறைந்த விலையில் விற்றது. வழக்கு சில ஆண்டுகள் நீண்டது. ஈவோக்குக்கே உரிய ஐந்து அம்சங்கள் நகலெடுக்கப்பட்டுள்ளன என்று 2019 மார்ச்சில் பெய்ஜிங் நீதிமன்றம் தீர்ப்பளித்து, விற்பனையை நிறுத்த உத்தரவிட்டது. வெளிநாட்டுக் கார் நிறுவனங்கள் சீன நீதிமன்றங்களில் இப்படி வெல்வது அபூர்வம்.

தீர்ப்பு வந்தபோது அசல் காரே மாறியிருந்தது. 2018 நவம்பரில் லண்டனில் அறிமுகமான இரண்டாம் தலைமுறை, முதலாவதைப் போலவே தெரியும். ஆனால் பழையதிலிருந்து அப்படியே எடுத்தவை கதவுக் கீல்கள் மட்டுமே என்கிறது நிறுவனம். நீளம் ஏறக்குறைய அதேதான். வீல்பேஸ் மட்டும் 21 மில்லிமீட்டர் கூடியது. பின் இருக்கையில் முழங்காலுக்குச் சிறிது இடம் கிடைத்தது. டிக்கி 591 லிட்டர். மூன்று கதவு மாடல் கைவிடப்பட்டது. கைப்பிடிகள் கதவோடு மட்டமாகப் படிந்து, பூட்டைத் திறக்கும்போது மட்டும் வெளியே வருகின்றன.

முதல் தலைமுறையின் பார்வைக் குறைக்கு இதில் கேமராக்கள் பரிகாரம். உள்ளே இருக்கும் ரியர்வியூ கண்ணாடியின் கீழுள்ள பொத்தானைத் தட்டினால், அது திரையாக மாறி, கூரை மேலுள்ள கேமராவின் காட்சியைக் காட்டுகிறது. டிக்கியில் கூரை முட்டச் சாமான் அடைத்திருந்தாலும் பின்னால் வரும் வண்டி தெரியும். படிக்கக் கண்ணாடி அணிபவர்களுக்கு மட்டும் சிக்கல். சாதாரணக் கண்ணாடியில் கண் தொலைவைப் பார்க்கிறது. திரையில் மிக அருகில் குவிய வேண்டியிருப்பதால் காட்சி மங்கும். இன்னொரு வசதி இதைவிடச் சுவையானது. முன் கிரில்லிலும் பக்கக் கண்ணாடிகளிலும் உள்ள கேமராக்களின் படங்களை ஒட்டி, பானெட்டே இல்லாததுபோல் முன் சக்கரங்களுக்கிடையே உள்ள தரையை நடுத்திரையில் காட்டுகிறது. பாறை நடுவே மட்டுமல்ல, உயரமான நடைபாதை விளிம்பை ஒட்டி நிறுத்தும்போதும் இது கைகொடுக்கும்.

இன்ஜின் பக்கத்தில் 48 வோல்ட் ஏற்பாடு வந்தது. பிரேக் போடும்போது வீணாகும் ஆற்றலைத் தரைக்கு அடியிலுள்ள சிறு லித்தியம் பேட்டரியில் சேமித்து, கிளம்பும்போது இன்ஜினுக்குத் துணையாகத் தருகிறது. நிற்பதற்கு முன்பே, வேகம் மணிக்கு 17 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கியதும் இன்ஜின் அணைந்துவிடும். 2020-ல் வந்த பிளக்-இன் ஹைப்ரிட் இன்னும் நுட்பமானது. 1.5 லிட்டர் மூன்று சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் முன் சக்கரங்களை இயக்க, தனி மின் மோட்டார் பின் சக்கரங்களைச் சுழற்றுகிறது. இரண்டுக்கும் நடுவே உருளும் தண்டே இல்லை. மொத்த பலம் 309 குதிரைத்திறன். பேட்டரி 15 கிலோவாட் மணி.

உள்ளே தோலுக்கு மாற்றாக, டென்மார்க்கின் குவாட்ராட் நிறுவனத்தின் கம்பளித் துணியும், மறுசுழற்சி பிளாஸ்டிக்கில் செய்த மெத்தென்ற துணியும் உண்டு. அதிக விலை கொடுப்பவர் தோலைத்தான் கேட்பார் என்ற பழைய நம்பிக்கையை விட்டது நல்ல முடிவு. 2023-ல் செய்த மாற்றத்தை அப்படிப் பாராட்ட முடியாது. 11.4 அங்குல வளைந்த திரைக்குள் ஏசி உட்பட எல்லாவற்றையும் நுழைத்து, விரலுக்குத் தட்டுப்படும் பொத்தான்களை எடுத்துவிட்டார்கள். ஓட்டும்போது குளிரைக் குறைக்க வேண்டுமானால் சாலையிலிருந்து கண்ணை எடுக்க வேண்டும்.

இந்தியாவில் விற்கும் ஈவோக்கை 2015 முதல் புனே தொழிற்சாலையில் பாகங்களாகத் தருவித்துப் பூட்டத் தொடங்கினார்கள். ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் 9,000 கோடி ரூபாய் முதலீட்டில் டாடா மோட்டார்ஸ் தொழிற்சாலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஜாகுவார் லேண்ட் ரோவர் வண்டிகளும் அதன் திட்டத்தில் உண்டு. அதே மாதம், ஹேல்வுட் தொழிற்சாலையை 50 கோடி பவுண்டு செலவில் மின்சாரக் கார்களுக்கு ஏற்றபடி மாற்றப்போவதாக நிறுவனம் அறிவித்தது. பெட்ரோல், டீசல், ஹைப்ரிட் வண்டிகளும் மின்சார வண்டிகளும் அங்கே ஒரே கூரையின் கீழ் தயாராக வேண்டும் என்பது ஏற்பாடு.