திருகோணமலையைக் கைப்பற்றிய பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி

பாரிஸின் லாச்சப்பல் கடைவீதிக்கு வந்துபோகும் தமிழர்கள் பலருக்கு, ஈபெல் கோபுரத்தை அண்டிச் செல்லும் 'சுஃப்ரன்' சாலை வெறும் தெருப் பெயர்தான். ஆனால் அப்பெயருக்குரியவரின் புகழ் தமிழர் வாழும் கரையோரங்களில் ஈட்டப்பட்டது.

1729இல் பிறந்த பியேர் ஆந்த்ரே து சுஃப்ரன், 1743இல் பிரெஞ்சுக் கடற்படையில் சேர்ந்தார். இருமுறை பிரித்தானியரிடம் சிறைப்பட்டார். ஐம்பது வயதைக் கடந்த பின்னர், 1782 பெப்ரவரியில்தான் இந்துமாக்கடலில் பிரெஞ்சுக் கப்பற்படையின் தலைமை அவரிடம் வந்தது. அமெரிக்க சுதந்திரப் போர் அப்போது இக்கடலுக்கும் பரவியிருந்தது. கரையில் மைசூரின் ஹைதர் அலி பிரான்சின் நேச சக்தியாக இருந்தார்.

துறைமுகம் இல்லாத கடற்படை

சுஃப்ரனின் பெரும் சிக்கல் துறைமுகம். புதுச்சேரியை 1778இல் பிரித்தானியர் கைப்பற்றியிருந்தனர். வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் பெருங்கப்பல்கள் ஒதுங்கக்கூடிய இயற்கைத் துறைமுகம் சோழமண்டலக் கரையில் இல்லை. அத்தகைய துறைமுகம் திருகோணமலையே. ஒல்லாந்தரிடமிருந்த அதனை 1782 ஜனவரியில் பிரித்தானியர் பறித்தனர். அதே ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் சுஃப்ரன் அவர்களிடமிருந்து கைப்பற்றினார்.

பிரித்தானியத் தளபதி எட்வர்ட் ஹியூஸுடன் சதுரங்கப்பட்டினம், இலங்கையின் கிழக்குக் கரை, நாகப்பட்டினம், திருகோணமலை, கடலூர் ஆகிய இடங்களுக்கு அப்பால் அவர் ஐந்து முறை மோதினார். இம்மோதல்களில் எத்தரப்பும் மற்றதன் பெரும் போர்க்கப்பல் ஒன்றையேனும் மூழ்கடிக்கவோ கைப்பற்றவோ இல்லை.

1783 ஜூன் 20ஆம் தேதி, 15 கப்பல்களுடன் ஹியூஸின் 18 கப்பல்களை எதிர்கொண்டு, முற்றுகையிலிருந்த கடலூரைச் சுஃப்ரன் காத்தார். ஆனால் பூர்வாங்க சமாதான உடன்பாடு ஜனவரியிலேயே ஐரோப்பாவில் கையெழுத்தாகிவிட்டது. அச்செய்தி கடலூரை எட்டியது ஜூன் இறுதியில்தான்.

மேசையில் மாறிய கரைகள்

சமாதானத்தின்படி திருகோணமலை மீண்டும் ஒல்லாந்தருக்கு, நாகப்பட்டினம் பிரித்தானியருக்கு. நாடு திரும்பிய சுஃப்ரனுக்குத் துணை அட்மிரல் பதவி வழங்கப்பட்டது. 1788இல் அவர் பாரிஸில் காலமானார். போராலும் பஞ்சத்தாலும் சிதைந்திருந்த கரையோர மக்களின் கருத்தை எவரும் கேட்கவில்லை.

1795இல் திருகோணமலையை மீண்டும் கைப்பற்றிய பிரித்தானியர், இலங்கை சுதந்திரமடைந்த பின்னரும் 1957 வரை அங்கு கடற்படைத் தளம் வைத்திருந்தனர். இந்தியாவின் நலன்களுக்குப் பாதகமாக எந்த நாடும் அத்துறைமுகத்தை இராணுவத் தேவைக்குப் பயன்படுத்த இடமளிப்பதில்லை என்ற உறுதிமொழி, 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்போது பரிமாறப்பட்ட கடிதங்களில் இடம்பெற்றது. சுஃப்ரன் கண்டறிந்த கேந்திர முக்கியத்துவம் இரு நூற்றாண்டுகளுக்குப் பின்னரும் மாறவில்லை என்பதையே அது உணர்த்துகிறது.