நாலு மணிக்கு மேல் பிள்ளை யார் பொறுப்பு?

தஞ்சாவூரில் பள்ளி விட்ட பிறகு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடங்களில் சிலவற்றின் வாசலில்தான் 'டே கேர்' என்று போர்டு இருக்கும். மற்றவை டியூஷன் என்ற பெயரிலேயே நடக்கின்றன. வீட்டுப்பாடத்தை முடித்த பிள்ளை, அம்மா வந்து கூப்பிடும்வரை அங்கேயே ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும். ஆறு மணிக்கு வர வேண்டிய அம்மா ஆறே முக்காலுக்கு ஓடி வருவார். "பஸ்ஸே வரலை டீச்சர்" என்பார். "பரவாயில்லம்மா" என்பார் டீச்சர். ஒரு நாள் என்றால் பரவாயில்லை. வாரத்தில் மூன்று நாள் இப்படியென்றால் அந்த டீச்சர் எப்போது தன் வீட்டு அடுப்பைப் பற்றவைப்பது?

பெருநகரங்களில் உள்ள காப்பகங்கள் பலவும் இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன. தாமதமானால் கட்டணம். அமெரிக்காவில் நிமிடத்துக்கு ஒரு டாலர் என்று கறாராக வாங்கும் மையங்கள் ஏராளம். சிறு ஊர்களிலும் இந்தப் பழக்கம் பரவும் காலம் இது. பரவுவதற்கு முன் ஒரு பழைய பரிசோதனையைத் தெரிந்துகொள்வது நல்லது.

1998-ல் இஸ்ரேலின் ஹைஃபா நகரில் உரி க்னீஸி, ஆல்டோ ருஸ்திகினி என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் பத்து தனியார் குழந்தைக் காப்பகங்களை இருபது வாரம் கவனித்தார்கள். காலை 7.30-க்குத் திறந்து மாலை 4 மணிக்கு மூடும் காப்பகங்கள் அவை. தாமதமாக வந்தால் என்ன ஆகும் என்று எந்த ஒப்பந்தத்திலும் எழுதியிருக்கவில்லை. பெற்றோர் வரும்வரை யாராவது ஒரு ஆசிரியை காத்திருப்பார், அவ்வளவுதான். முதல் நான்கு வாரம் தாமதமாக வருகிறவர்களை எண்ணிக்கொண்டு மட்டும் இருந்தார்கள். அடுத்து, ஆறு காப்பகங்களின் பலகையில் அறிவிப்பு ஒட்டப்பட்டது. 4.10-க்கு மேல் வந்தால் பிள்ளைக்குப் பத்து ஷெக்கல் அபராதம். மாதக் கட்டணத்தோடு சேர்த்துக் கட்ட வேண்டும். மீதி நான்கு காப்பகங்களில் எதையும் மாற்றவில்லை.

அபராதம் வந்த இடங்களில் தாமதம் குறையும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கூடியது. சில வாரங்களில் தாமதமாக வருகிறவர்களின் எண்ணிக்கை ஏறக்குறைய இரண்டு மடங்கானது. பதினேழாவது வாரம் அபராதத்தை எடுத்துவிட்டார்கள். எண்ணிக்கை பழைய நிலைக்கு இறங்கவே இல்லை. அறிவிப்பு ஒட்டாத நான்கு காப்பகங்களில் எந்த மாற்றமும் தெரியவில்லை. 2000-ல் இந்த ஆய்வு வெளிவந்தது. பொருளாதாரம் படிக்கிறவர்கள் இன்றும் இதை எடுத்துப் பேசுகிறார்கள்.

காரணத்தைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். அபராதம் இல்லாதவரை, காத்திருக்கும் ஆசிரியையின் முகத்தைப் பார்க்கப் பெற்றோருக்குக் கூச்சமாக இருந்தது. அவர் தன் நேரத்தைச் சும்மா தருகிறார் என்பது உறுத்தியது. பத்து ஷெக்கல் வந்ததும் அந்தக் கூச்சம் போய்விட்டது. காசுதான் கொடுக்கிறோமே என்றாகிவிட்டது. அன்றைக்கு அந்த ஊரில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்கு ஆள் வைத்தால் மணிக்கு 15 முதல் 20 ஷெக்கல். தவறான இடத்தில் வண்டி நிறுத்தினால் அபராதம் 75 ஷெக்கல். அதற்கு முன்னால் பத்து ஷெக்கல் மலிவு. அபராதத்தை எடுத்த பிறகும் கூச்சம் திரும்பி வரவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

அப்படியானால் தொகையைக் கூட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று ஒரு கட்சி உண்டு. வேண்டுமென்றே தாமதிக்கிறவர்களிடம் அது பலிக்கவும் செய்யும். ஆனால் காவிரிக் கரையில் பிள்ளையைக் கூப்பிட நேரத்துக்கு வர முடியாத அம்மாக்களில் எத்தனை பேர் வேண்டுமென்றே தாமதிக்கிறார்கள்?

நடவு வேலையையே எடுத்துக்கொள்வோம். டெல்டாவில் இப்போது இயந்திர நடவு வந்துவிட்டது. கை நடவு நடக்கும் இடங்களில் பெரும்பாலும் கான்ட்ராக்ட்தான். ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு பெண்கள் கூட்டமாக வயலில் இறங்குகிறார்கள். வந்த தொகையைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். நாற்றங்காலில் பறித்து, முடி கட்டி, சேற்றில் ஆங்காங்கே வீசிவிட்ட நாற்றைப் பாதியில் விட்டுவிட்டு வர முடியாது. குனிந்து நட்டுக்கொண்டே பின்னால் நகரும் வரிசையில் ஒருத்தி மட்டும் "பிள்ளையைக் கூப்பிடணும்" என்று கரையேறினால் அவள் இடத்தையும் சேர்த்துப் பக்கத்தில் நிற்கிறவள் நட வேண்டும். வயல் முடிகிற நேரம்தான் அவளுக்கு வேலை முடிகிற நேரம். அது மூன்று மணியா ஐந்து மணியா என்பது தண்ணீரையும் ஆளையும் பொறுத்தது. காலையில் பிள்ளையை விட்டுவிட்டுக் கிளம்பும்போது அவளாலேயே சொல்ல முடியாது. மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறக்கும் வழக்கத்தை ஒட்டிக் குறுவை நடவு. பிறகு சம்பா, தாளடி. எல்லாமே பள்ளிக்கூடம் நடக்கிற மாதங்கள்.

முன்பெல்லாம் கைக்குழந்தைக்கு வரப்போர மரத்தில் ஏணை கட்டுவார்கள். ஓடியாடும் பிள்ளையை அப்பாயி பார்த்துக்கொள்வார். இன்று இளம்பெண்கள் ஜவுளிக்கடைக்கும் மருத்துவமனை வேலைக்கும் டவுனுக்கு பஸ் ஏறுகிறார்கள். நடவு வயலில் அதிகம் தென்படுவது நடுவயதைத் தாண்டிய பெண்கள். அதாவது, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேண்டிய அந்த அப்பாயியே சேற்றில் நிற்கிறார். ஜவுளிக்கடையில் நிற்கும் மருமகளுக்குத் தீபாவளி நேரத்தில் இரவு வீடு திரும்ப எத்தனை மணியாகும் என்பது கடைக்குப் போய் வந்த எல்லோருக்கும் தெரியும்.

இவர்களிடம் நிமிடத்துக்கு இவ்வளவு என்று வாங்கினால் தாமதம் குறையாது. அன்றைய கூலிதான் குறையும்.

அதற்காகக் காத்திருக்கும் பெண் சும்மா காத்திருக்க வேண்டும் என்று ஆகிவிடாது. இந்தப் பேச்சில் எப்போதும் விடுபடுகிறவர் அவர்தான். கிராமத்தில் அங்கன்வாடி உதவியாளர், டவுனில் காப்பக ஆயா. மையம் மூடிய பிறகும் பிள்ளையைத் தனியே விட அவருக்கு மனம் வராது. கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ச் சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போவார். அந்த அரை மணி எந்தச் சம்பளக் கணக்கிலும் வராது. தாமதக் கட்டணம் வாங்கும் காப்பகங்களிலும் அந்தப் பணம் மாதக் கட்டணத்தோடு நிர்வாகத்துக்குப் போய்விட்டால், காத்திருந்தவர் ஒருவர், காசு வாங்கியவர் வேறொருவர்.

பிள்ளை பார்ப்பதும் வேலைதான், அதற்குக் கூலி உண்டு என்று எழுத்தில் ஒப்புக்கொண்ட சட்டம் நம் நாட்டில் இருந்திருக்கிறது. 2005-ல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டத்தின்படி, வேலை நடக்கும் இடத்துக்கு ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை நிறுத்த வேண்டும். மண் வெட்டுகிறவர்களுக்கு உள்ள அதே கூலி அவருக்கும் தர வேண்டும். நூறு நாள் வேலைத் தளங்களில் இது எந்த அளவுக்கு நடந்தது என்பது வேறு கதை. கொள்கை சரியானது.

சட்டங்கள் பொதுவாக ஆறு வயதோடு நின்றுவிடுகின்றன. 1975 அக்டோபர் 2-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் ஆறு வயதுக்கு உட்பட்டோருக்கு. அதன் கீழ் தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் அதிகமான அங்கன்வாடிகள் நடக்கின்றன. முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்தால் குழந்தைகள் அறை வேண்டும் என்றிருந்த பழைய தொழிற்சாலைச் சட்ட விதியும் ஆறு வயதுக்கு உட்பட்டோருக்கே இருந்தது. ஐம்பது பேர் வேலை செய்யும் நிறுவனத்தில் காப்பகம் வேண்டும் என்று 2017-ல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதன் வழிகாட்டு நெறிகளும் அதே வயதைத்தான் சொல்லின. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த அடுத்த நாளே பிள்ளை தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று எந்தத் தாயும் நம்ப மாட்டாள். சட்டம் எழுதியவர்கள் நம்பியிருக்கிறார்கள்.

இவ்வளவுக்கும் காலை நேரத்துக்கு இந்த மண்ணிலேயே ஒரு நல்ல வழி பிறந்திருக்கிறது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25-ல் நாகப்பட்டினம் மாவட்டம் திருக்குவளையில் வைத்து மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. விடியற்காலையில் வயலுக்குக் கிளம்பும் அம்மாவுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை டெல்டாக்காரர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மாலைக்கும் ஒரு முன்மாதிரி இருக்கிறது. கொரோனாவில் விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட 2021-ல் வந்த 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தில், ஊர்ப் பெண்களே தன்னார்வலர்களாகப் பள்ளி விட்ட பிறகு தெருத் திண்ணையிலும் சமுதாயக் கூடத்திலும் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. படிப்புக்காக வந்த திட்டம்தான். ஆனாலும் அந்த மாலை வேளையில் பிள்ளை எங்கே இருக்கிறது என்ற கவலை இல்லாமல் பல தாய்மார்கள் வேலையை முடித்து வந்தார்கள். மாதம் ஆயிரம் ரூபாயில் இது நடந்தது அந்தப் பெண்களின் நல்ல மனதால். எப்போதும் அப்படியே நடக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

காப்பகம் நடத்துகிறவர்கள் அபராதம் என்ற பேச்சையே விட்டுவிடலாம். ஆறு மணிவரை ஒரு கட்டணம், ஏழரைவரை ஒரு கட்டணம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, கூடுதல் தொகையைக் காத்திருப்பவரின் சம்பளத்தில் சேர்க்கலாம். பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோரும் தாமதமானால் எவ்வளவு என்று கேட்பதோடு நிற்காமல், அந்தப் பணம் யார் கைக்குப் போகிறது என்றும் கேளுங்கள். கடை முதலாளிகள் தாய்மார்களை மாலை ஷிஃப்டில் நிறுத்துவதற்கு முன், அவர்கள் வீட்டில் பிள்ளையை யார் பார்க்கிறார்கள் என்று ஒரு வார்த்தை விசாரிக்கட்டும். காலையில் உப்புமாவும் பொங்கலும் பரிமாறும் அதே பள்ளிக்கூடத்தைக் குறுவை, சம்பா நடவு மாதங்களிலாவது மாலை ஆறரை மணிவரை அரசு திறந்து வைக்க வேண்டும். பார்த்துக்கொள்கிற பெண்ணுக்கு முறையான சம்பளம் தர வேண்டும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களிலிருந்து இதைத் தொடங்கலாம்.