செஞ்சியின் கல்யாண மகால்

திருவண்ணாமலையிலிருந்து திண்டிவனம் செல்லும் சாலையில் சுமார் 40 கி.மீ. தொலைவில் இருக்கும் செஞ்சிக் கோட்டையில், இராஜகிரி மலையடிவாரத்து அரண்மனை இன்று பெரும்பாலும் அதிட்டானமாகவே, அதாவது கட்டடத்தைத் தாங்கிய கருங்கல் மேடையாகவே எஞ்சியிருக்கிறது. இவ்வழிவுக்குப் போர்களை மட்டும் காரணம் காட்டுவது போதாது. தெய்வத்தின் கருவறையைக் கல்லால் எழுப்பிய மரபு, மன்னரின் இல்லத்தைக் கல்மேடைமீது செங்கல், மரம், சுதை எனப்படும் சுண்ணச்சாந்து ஆகியவற்றாலேயே எழுப்பியது. உத்தரங்கள் உளுத்து விழுந்தபின் சுவர்கள் நெடுநாள் நிற்பதில்லை, சரிந்த செங்கல்லை ஊரார் விட்டுவைப்பதும் இல்லை.

அவ்வாறு அழியாமல் தப்பியது கல்யாண மகால். பெயரைக் கேட்டுத் திருமண மண்டபம் என்று கருதுவோர் உண்டு எனினும், அரண்மனை மகளிரின் உறைவிடம் என்பதே ஆய்வாளர்கள் பலரின் கருத்து. நாற்புறமும் அறைகள் சூழ்ந்த சதுர முற்றத்தின் நடுவே எட்டு நிலைக் கோபுரம் ஒன்று எழுகிறது. அதன் முதல் ஆறு நிலைகளும் ஒரே அமைப்பின, ஒவ்வொன்றிலும் சுமார் 8 அடிச் சதுரத்தில் ஒரு சிற்றறை, அதைச் சுற்றி வளைவுகளோடு கூடிய தாழ்வாரம், மேலே ஏறக் குறுகிய படிக்கட்டு. வெளியே இருந்த நீர்த்தேக்கத்திலிருந்து சுடுமண் குழாய் வழியே ஆறாம் நிலைவரை தண்ணீர் ஏற்றப்பட்டது. பலரும் புகழும் கோபுரத்தைவிட வியப்புக்குரியது இக்குழாய்தான்.

வளைவுகள் தக்காணத்துச் சுல்தான்களின் கட்டடக்கலையை நினைவூட்ட, கூம்பிய முடியோ கோயில் விமானத்தின் சாயலில் இருக்கிறது. செஞ்சியை ஆண்ட நாயக்கர்களின் காலத்தில் இக்கலப்பு புதிதன்று.

செஞ்சி 1649-இல் பீஜப்பூரிடமும், 1677-இல் சிவாஜியிடமும், 1698-இல் முகலாயரிடமும், 1750-இல் பிரெஞ்சுக்காரரிடமும், 1761-இல் ஆங்கிலேயரிடமும் கைமாறியது. இருபதாண்டு அளவே நீடித்த மராட்டியர் ஆட்சியின் பெயரால்தான் 2025-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில், மராட்டியக் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக, செஞ்சி இடம்பெற்றது என்பது நாயக்கர்களின் பணியை அறிந்தவருக்குச் சற்று உறுத்தலாம். கோட்டையின் கல்லும் முழுதாக அங்கே இல்லை: புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சூழ்ந்து நிற்கும் நெடிய தூண்கள் செஞ்சியிலிருந்து கொண்டுவரப்பட்டவை என்பர்.