பதினெட்டு வயது வரை காத்திருக்க வேண்டிய குழந்தை

புது தில்லி: ரூபாய் நோட்டு விவகார அமளியால் 2016-ம் ஆண்டு குளிர்காலக் கூட்டத்தொடர் ஏறத்தாழ முழுவதுமாக முடங்கிப்போனது. அந்த அமளிக்கிடையிலும் ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சிகளும் கைகோத்து நிறைவேற்றியது மாற்றுத் திறனாளிகள் உரிமை மசோதா. டிசம்பர் 14-ல் மாநிலங்களவையும், 16-ல் மக்களவையும் ஒப்புதல் அளித்தன. 1995-ம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே ஏற்றிருந்தது. புதிய சட்டம் ஆட்டிசம் உள்ளிட்ட 21 வகைகளை ஏற்றது.

2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த இச்சட்டம், பள்ளி வயதை எட்டாத குழந்தைக்கு என்ன தந்திருக்கிறது என்று கேட்டால் பதில் அவ்வளவு உற்சாகமாக இல்லை. குறைபாடுடைய, ஆறு வயது வரையிலான குழந்தைகள் 20 லட்சத்துக்கும் அதிகம் என்பது 2011-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கு. அதுவும் எட்டு வகைக் குறைபாடுகளை மட்டுமே பதிவு செய்த கணக்கு.

மூன்று வயதாகியும் நிற்காத, பேச்சு வராத குழந்தையை வைத்திருக்கும் ஒரு தினக்கூலிக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். எந்த உதவிக்கும் முதற்படி மாற்றுத் திறனாளி சான்றிதழ். 2021 ஜூன் 1 முதல் அதை மத்திய அரசின் இணையதளம் வழியாக மட்டுமே பெற முடியும். கணினி மையத்தில் காசு கொடுத்து விண்ணப்பித்தாலும் அரசு மருத்துவமனைக்கு நடக்காமல் காரியம் ஆகாது. வளர்ச்சிச் சோதனைக்கு ஒரு நாள், செவித்திறன் சோதனைக்கு ஒரு நாள், மருத்துவர் குழு கூடும் நாள் இன்னொன்று. அத்தனை நாளும் கூலி இல்லை.

இவ்வளவுக்கும் பிறகு கிடைப்பது தற்காலிகச் சான்றிதழாக இருக்கலாம். அறிவுசார் குறைபாட்டைப் பொறுத்தவரை, ஐந்து வயது வரை 'ஒட்டுமொத்த வளர்ச்சித் தாமதம்' என்றே குறிப்பிட வேண்டும்; 5, 10, 18 வயதுகளில் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும் என்கின்றன 2018-ம் ஆண்டு வழிகாட்டு நெறிகள். குழந்தை வளர வளர குறைபாட்டின் அளவு மாறக்கூடும் என்பதால் இதில் மருத்துவ நியாயம் உண்டு. அலைச்சலுக்குத்தான் நியாயம் இல்லை. சான்றிதழ் வழங்க 2017-ம் ஆண்டு விதிகள் தந்த ஒரு மாத அவகாசம் 2024 அக்டோபரில் மூன்று மாதமாக நீட்டிக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் முடிவு காணாத விண்ணப்பம் செயலிழந்துவிடும்; மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். தாமதத்தின் விலையை விண்ணப்பதாரரே கொடுக்க வேண்டும் என்பது விசித்திரமான ஏற்பாடு.

சான்றிதழ் கையில் வந்தபின் பணம்? மத்திய அரசு 2009-ல் தொடங்கிய இந்திரா காந்தி தேசிய மாற்றுத் திறனாளிகள் ஓய்வூதியத் திட்டம் 18 வயது நிறைந்தவர்களுக்கே. வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருக்க வேண்டும். 80 சதவீதக் குறைபாடோ, பன்முகக் குறைபாடோ இருக்க வேண்டும். இத்தனை சல்லடைகளையும் கடந்து வருபவருக்கு மத்திய அரசின் பங்காகக் கிடைப்பது மாதம் ரூ.300. இத்தொகை 2012-ல் நிர்ணயிக்கப்பட்டது. ஊரக வளர்ச்சித் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு இதை உயர்த்துமாறு பலமுறை பரிந்துரைத்தும் பயனில்லை. பயிற்சியாலும் சிகிச்சையாலும் அதிகம் மாற்றக்கூடிய வயது குழந்தையின் முதல் சில ஆண்டுகளே என்பது மருத்துவர்கள் அறிந்தது. அந்த ஆண்டுகளில் இந்த ரூ.300 கூட இல்லை.

எனவே குழந்தை எந்த மாநிலத்தில் பிறந்தது என்பதே கேள்வியாகிவிடுகிறது. தமிழகத்தில் அறிவுசார் குறைபாடுடையோருக்கான பராமரிப்பு உதவித்தொகைக்கு வயது வரம்பு இல்லை. தில்லி அரசின் திட்டத்திலும் பிறந்த குழந்தை முதல் விண்ணப்பிக்கலாம். ஆனால் அங்கே ஐந்தாண்டு வசிப்புச் சான்று கேட்கப்படும். பிகாரிலிருந்து பிழைக்க வந்த கட்டடத் தொழிலாளி அதற்கு எங்கே போவார்? கேரளம் 'ஆஸ்வாசகிரணம்' என்ற பெயரில் பராமரிப்பவருக்கே மாதம் ரூ.600 அறிவித்தது. தொகை சிறிது, ஆனாலும் தாயின் உழைப்பை அரசு கணக்கில் எடுத்துக்கொண்டது.

தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' மருத்துவக் காப்பீட்டுக்கு வயது தடையல்ல. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பன்முகக் குறைபாடு ஆகியவற்றுக்கு ஆண்டுக்கு ரூ.1 லட்சம் வரை கோரலாம். ஆயினும் பொதுவாக முதலில் கைப்பணத்தைச் செலவிட்டு, ரசீதுகளை அனுப்பிப் பெற வேண்டும். வருமான வரிக் கழிவும் உண்டு. கூலித் தொழிலாளிக்கு அதனால் ஒன்றுமில்லை. புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்த மாதச் சம்பளக்காரருக்கும் இல்லை.

மருத்துவர் குழு சுகாதாரத் துறையிடம், அடையாள அட்டை சமூகநீதி அமைச்சகத்திடம், ஓய்வூதியம் ஊரக வளர்ச்சி அமைச்சகத்திடம் என்று பொறுப்பு மூன்றாகப் பிரிந்து கிடக்கிறது. சட்டத்தின் 24-வது பிரிவு சமூகப் பாதுகாப்பை வாக்களிக்கிறது. மற்றவர்களுக்குரிய இதேபோன்ற திட்டங்களைவிடக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாக உதவி தர வேண்டும் என்கிறது. அதிகத் துணை தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படியையும் குறிப்பிடுகிறது. ஆனால் எல்லாம் அரசின் பொருளாதாரத் திறனுக்கு உட்பட்டே. அன்று இரு அவைகளும் கைதட்டி நிறைவேற்றிய மசோதாவில் அந்தச் சொற்களும் இருந்தன.